ஒற்றைப் பிரதி

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு முன்புறத்தில் ஒரே ஒரு காரை நிறுத்தத்தான் இடம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 2012இல் நான் செய்த ஒரு காரியத்துக்கு இந்த இடநெருக்கடியையே காரணமாகப் பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன்.

அதற்கு முன் 2004. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளராகச் சேர்ந்து ஓராண்டு முடிந்திருந்தது. மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 22,000 ரூபாயைக் கொடுத்து ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். 1970ஆம் ஆண்டு வண்டி, மார்க் 3, நான்கு கதவுகள். என்னைவிட எட்டு வயது மூத்தது. வாங்கினேன் என்பது பேச்சுக்குத்தான். தேடிப் பிடித்ததும் பேரம் பேசியதும் அப்பா. அவர் தாம்பரம் கார்ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். (கார்ஷெட் என்றால் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் இடம். வெளியூர் உறவினர்கள் அப்பாவை ஏதோ மோட்டார் கம்பெனிக்காரர் என்று எண்ணியிருந்ததுண்டு.) முப்பது வருடம் கார்ஷெட்டில் கிடந்தவனுக்குக் கார் கிடைக்க அறுபது வயது ஆயிற்று என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

புதிய மாருதி 800 தவணையில் கிடைக்கிற காலத்தில் ஏன் இந்தப் பழைய வண்டி என்று கேட்டேன்.

"நம்ம ஊரு வண்டிடா இது" என்றார்.

மிகையில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் எங்கள் பகுதியிலிருந்து தெற்கே பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூர் போகும் வழியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1948இல் தொடங்கப்பட்ட நிறுவனம். சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு 10 என்று சில வண்டிகளைச் செய்துவிட்டு 1961இல் ஹெரால்டுக்கு வந்தார்கள். இந்தியாவில் அப்போது கார் என்றால் மூன்றே பெயர்கள்: கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னையிலிருந்து ஹெரால்டு. முதலிரண்டைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். மூன்றாவதைப் பற்றி எழுத ஆளில்லை. 1970களில் அது கெஸல் என்று பெயர் மாறி, சில மாற்றங்களுடன் கொஞ்ச காலம் ஓடி நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். மாருதி வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்த நேரம். சிறிய, சிக்கனமான வண்டிக்கு நாடு பழகிக்கொண்டிருந்தபோது இவர்கள் இரண்டு லிட்டர் என்ஜினோடு வந்து நின்றார்கள். 1988இல் உற்பத்தி நின்றுபோனது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சாலையோரத்து நீண்ட மதிலும் மூடிய கதவும் மட்டுமே என் நினைவில் உள்ளன.

ஹெரால்டைப் பார்த்திராத இளைய நண்பர்களுக்காக ஒரு குறிப்பு. இதன் முன்பகுதி முழுவதும், அதாவது பானட்டும் இரண்டு மட்கார்டுகளும் விளக்குகளும், ஒரே துண்டு. பக்கத்துக்கு ஒன்றாக உள்ள கொண்டிகளை விடுவித்து இழுத்தால் முதலை வாய் திறப்பதுபோல் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். என்ஜின், ஸ்டீயரிங், முன்சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில். டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். அப்பா ஞாயிறு காலை காப்பியை எடுத்துக்கொண்டு போய் அப்படித்தான் உட்காருவார். வேலை இருக்கவேண்டும் என்பதில்லை. இன்னொரு பெருமை, 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெருவில் அதுநாள்வரை எந்தக் காரும் ஒரே மூச்சில் திரும்பியதில்லை.

இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உருவம். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்தது. மற்ற நிறுவனங்கள் சேஸிஸும் உடலும் ஒன்றாகிவிட்ட அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது இது மட்டும் பழைய முறையில் தனிச் சேஸிஸ் மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய வண்டி. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அவர்களுக்கு உடல்தகடுகளை அடித்துக் கொடுத்து வந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஓரிடத்தில் செய்துகொள்ள வழியில்லாமல், பல இடங்களில் சிறு சிறு பகுதிகளாகச் செய்து பிறகு பூட்டினார்கள். அந்த நெருக்கடிதான் வண்டலூருக்கு வசதியாயிற்று. துண்டுகளாகக் கப்பலில் வந்ததை இங்கே பூட்ட முடிந்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். அதோடு நிற்காமல் இங்கிலாந்தில் என்றுமே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் செய்தார்கள். அந்தப் பின்கதவுகள் நம்மூரின் சொந்தச் சரக்கு. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு ஆண்டுகள் ஓட்டினேன். என் திருமணத்துக்கு அதில்தான் போனேன். மகளைப் பிரசவ மருத்துவமனையிலிருந்து அதில்தான் அழைத்துவந்தோம். வலப்பக்கப் பின்கதவின் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டையானபோது அப்பா ஓர் அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி, கதவின் விளிம்புக்குக் கீழே உள்ளே மடித்து, பதினான்கு ரிவெட் அடித்தார். வரிசை நூல் பிடித்தாற்போல் இருந்தது. அம்மா வண்டிக்கு நிறம் தேர்ந்தெடுத்தாள். தன் புடவை ஒன்றைக் காட்டி மயில்கழுத்து நிறம் வேண்டும் என்றாள். அதே நிறத்துக்கு அப்பா இரண்டு நாள் பெயின்ட் கலந்தார்.

2012இல் தவணையில் ஒரு புதிய கார் வாங்கினேன். மகளுக்குப் பள்ளி தூரம், எனக்குக் கல்லூரி தூரம், ஏசி வேண்டும், நடுவழியில் நிற்காத வண்டி வேண்டும். எல்லாம் நியாயமான காரணங்கள். புதிய வண்டி வரும் தேதிக்கு நான்கு நாள் முன்னால் முடிச்சூரில் அச்சகம் வைத்திருந்த ஒருவருக்கு ஹெரால்டை 30,000 ரூபாய்க்கு விற்றேன். அப்பாவிடம் கேட்கவில்லை. பேசி முடித்துவிட்டுச் சொன்னேன். வண்டி என் பெயரில் இருந்தது அல்லவா!

அவர் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளை மடிக்காமலே கேட்டார்: "ஜாக்கியைக் குடுத்தியா?"

கொடுத்தேன் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. டிக்கியைத் திறந்தே பார்க்கவில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. 2014இல் அப்பா காலமானார்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு போயிற்று. வண்டி முடிச்சூரில் இருக்கிறதே என்று அந்த வாரத்தில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

2019இல் மாணவர் ஒருவரின் அக்காள் திருமண வரவேற்புக்கு முடிச்சூர் போயிருந்தேன். கைகழுவப் பின்பக்கம் போனால், பக்கத்து மனையில் தகரக் கொட்டகை. உள்ளே கிழிந்த தார்ப்பாயின் அடியில் ஒரு கார். முதலில் நிறம் தெரியவில்லை. எல்லாம் காய்ந்த சேற்றின் நிறம். கதவின் அடியில் ரிவெட் வரிசை தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். பதினான்கு.

அச்சகக்காரர் மிகவும் வருந்தினார். வெள்ளத்தில் அச்சகமே போனபின் வண்டியைப் பார்க்க அவருக்கு ஏது மனம். கதவின் உள்பக்கத்தில், கண்ணாடிக்கு நான்கு விரல் கீழே, நீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. "இரும்பு விலை குடுத்துட்டு எடுத்துக்குங்க சார்" என்றார். 18,000 என்று முடிந்தது. ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தபோது பிரித்துப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் என்னுடையது! ஏழு வருடத்தில் அவர் பெயர் மாற்றவே இல்லை. சட்டப்படி என் வண்டியை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். கிரேன் வைத்த லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

டயர் நான்கும் சப்பை. தூக்கிக் கட்டை வைக்க வேண்டியிருந்தது. "ஜாக்கி இருக்கா சார்?" என்று லாரிக்காரர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது உள்ளிருந்து அம்மா, "பரண்மேல இருக்கு பாரு, அப்பா வச்சது" என்றாள்.

சாக்குத் துணிக்குள் பழைய காலண்டர் தாளில் சுற்றியிருந்தது. காலண்டர் 2013ஆம் ஆண்டினுடையது. ஜாக்கியின் திருகில் கிரீஸ் காயாமல் இருந்தது.

வேலை தொடங்கும் முன்பே கொரோனா வந்துவிட்டது. 2020 முழுவதும் வண்டி வாசலில் கட்டைமேல் நின்றது. (புதிய கார் தெருவில் நின்றது. இடநெருக்கடி பற்றி அப்போது நான் வாய் திறக்கவில்லை.) பாடம் நடத்துவதெல்லாம் கணினித் திரையில் என்றான பிறகு எனக்கும் கையால் செய்ய ஏதாவது வேலை தேவைப்பட்டது.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். இளமையில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் உடல் பூட்டும் பிரிவில் இருந்தவர். தொழிற்சாலை நின்றபின் சிறு பட்டறைகளில் வேலை பார்த்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. ஒரு நாள் காலை நடை போகிறவர் எங்கள் வாசலில் நின்றார். பேசாமல் வண்டியைச் சுற்றி வந்தார். பானட் கொண்டியை விடுவிக்க நான் திணறுவதைப் பார்த்துவிட்டுத் தோளால் ஓர் இடி கொடுத்தார். திறந்துகொண்டது.

"இது அப்படித்தான் வாத்தியாரே. புதுசுலயே இப்படித்தான்."

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் காப்பிக்கு நிரந்தர உறுப்பினர்.

இரும்புலியூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் டிங்கரிங் வேலையை ஒப்படைத்தோம். கெட்டிக்காரப் பையன். ஆனால் முதல் நாளே சொன்னான்: "மாருதி என்ஜின் போட்டுடலாம் சார். கியர் பாக்ஸும் அதுவே. ஏசியும் வந்துரும். வெளியில மட்டும் பழசு." அப்படிப் பல பழைய வண்டிகள் ஓடுகின்றன, ஒரு நாளில் முடிவு செய்யக்கூடிய காரியமும்கூட. மேஸ்திரி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

அந்த இரவு எனக்கு உ.வே.சா.வின் நினைவு வந்தது. தொழில் புத்தி. இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வருவதுதான்: செல்லரித்த ஏட்டில் எழுத்துப் போன இடத்தை அவர் தாமாக இட்டு நிரப்பவில்லை. அவருக்கு யாப்பு தெரியாதா, ஓரடி கட்டத் தெரியாதா? புள்ளிகள் வைத்துவிட்டுப் போனார். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை, இன்றுவரை இல்லை. 1904இல் வந்த பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. கிடைத்த படிகளில் பாடம் வேறுபட்டால் ஒன்றை மேலே வைத்து மற்றதைக் கீழே குறித்தார். இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மாருதி என்ஜினைப் பொருத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. வேடிக்கையாகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் முழுக்க வேடிக்கையும் அல்ல.

என்ஜின் 948 சி.சி. நான்கு ஆண்டு சேறு. பிஸ்டன்கள் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி எட்டு நாள் ஊறப்போட்டார் மேஸ்திரி. ஒன்பதாம் நாள் கிராங்க் ஒரு விரற்கடை அசைந்தது. அதன்பின் கழற்றிப் பார்த்தால் துளைகள் கீறிப்போயிருந்தன. ரீபோர் செய்ய வேண்டும், பெரிய பிஸ்டன் வேண்டும். இங்கேதான் எனக்கு ஓர் ஆச்சரியம். இந்த என்ஜின் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. ஹெரால்டு அபிமானிகளின் சங்கங்கள் உயிர்ப்புடன் இருக்கின்றன. பிஸ்டன், வால்வு, பேரிங் எல்லாம் சுங்கவரி சுமந்து வீட்டு வாசலுக்கே வந்தன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுவிட்டதால் வால்வு அமரும் இடத்தில் கடின உலோக வளையங்களையும் போட்டுக்கொண்டோம். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதம் என்றாகிவிட்டதே, அது பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்று பெட்ரோல் குழாய்கள், பம்பின் சவ்வு இவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. என் புள்ளி வைக்கும் கொள்கை இந்த இடத்தில் கொஞ்சம் நெகிழ்ந்தது. ஓடாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

ஆக, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து என்ஜினுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. கிடைக்காதவை நம்மூரில் செய்தவை. பின்கதவுகளின் ரப்பர், கண்ணாடியை ஏற்றி இறக்கும் உறுப்பு, கதவுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கி. இங்கிலாந்தில் பின்கதவே இல்லையே. பாகம் எங்கிருந்து வரும்? நான்கு கதவு ஹெரால்டு பிறந்த ஒரே இடம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அது மூடிப் பல பத்தாண்டு ஆகிறது. ஜி.பி. ரோடு கடைகளில் ஏறி இறங்கினேன். புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமைகள். ஒரு கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "தம்பி, இந்த வண்டியைக் கேட்டு ஆள் வந்து பதினஞ்சு வருஷமாச்சு" என்றார். பல படிகள் உள்ள நூலுக்குப் பாடம் தேர்வதும் ஒற்றைப் படியை வைத்துக்கொண்டு தவிப்பதும் ஒன்றல்ல என்று படித்திருக்கிறேன். அந்தத் தவிப்பை நான் உணர்ந்தது ஓர் ஓலைச்சுவடியிடம் அல்ல, ஒரு கதவு ரப்பரிடம். கடைசியில் மேஸ்திரி வேறு ஏதோ வண்டியின் ரப்பரை வாங்கி, பிளேடால் அறுத்து, இரண்டு துண்டாக ஒட்டித் தந்தார். மழையில் இடப்பக்கம் இன்னும் ஒழுகுகிறது. கொக்கியை அவரே அரம் வைத்து ராவினார். மூன்று நாள் பிடித்தது.

இனி அந்த வலப்பக்கப் பின்கதவு.

உடலைச் சுரண்டத் தொடங்கியபோதே பையனிடம் சொல்லிவிட்டேன், அந்த அலுமினியத் தகட்டைத் தொடக்கூடாது என்று. அவன் சரி என்றான். மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. "கம்பெனியில இப்படி வரல. இது ஒட்டு" என்றார். ஒட்டாகவே இருக்கட்டும் என்றேன். தொழிற்சாலையிலிருந்து 1970இல் வெளிவந்த கார் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இந்தத் தகட்டோடு இருந்த கார். மூலம் என்பது எது என்பதில்தானே எல்லாச் சண்டையும். உரையாசிரியர் கை பட்டுத்தானே நூல் நம்மிடம் வந்தது என்றெல்லாம் மேஸ்திரியிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, சாவியின் முனையால் தகட்டுக்கு இரண்டு விரல் மேலே கதவை லேசாகத் தட்டினார். சாவி உள்ளே போய்விட்டது.

"குனிஞ்சு பாருங்க" என்றார்.

தரையில் படுத்துப் பார்த்தேன். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைநீர் எப்போதும் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். அப்பா தகட்டை விளிம்புக்குக் கீழே மடித்து அடித்தார் என்று சொன்னேன் அல்லவா? அந்த மடிப்பு துளைகளை மூடிவிட்டிருந்தது. ஒவ்வொரு மழையின் நீரும் தகட்டுக்குப் பின்னால் தேங்கியிருக்கிறது. வெள்ளம் ஒருமுறைதான் வந்தது. இது ஆண்டுதோறும் நடந்திருக்கிறது. மற்ற மூன்று கதவுகளும் அதே வெள்ளத்தில் மூழ்கியவைதாம். அவை திடமாக இருந்தன.

"உங்கப்பா ரயில்ல வேலை பாத்தவரு. அழகாத்தான் அடிச்சிருக்காரு. மோட்டார் கதவு அவருக்குப் பழக்கமில்ல" என்றார் மேஸ்திரி. குரலில் குற்றச்சாட்டு இல்லை. இரண்டு தொழிலாளிகளுக்கிடையே உள்ள மரியாதையோடு சொன்னார். எனக்குத்தான் கேட்க முடியவில்லை.

ஒரு மாதம் அந்தக் கதவைத் தொடவில்லை. மற்ற வேலைகள் நடந்தன. தகட்டை விட்டுவைத்தால் கதவு போய்விடும். அந்தக் கதவுக்கு மாற்று உலகத்தில் கிடையாது. தகட்டை எடுத்தால் வண்டியில் அப்பாவின் கை இருக்கும் கடைசி இடமும் போய்விடும். மனைவியிடம் சொன்னேன். "மாமா இருந்திருந்தா துளை அடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சதும் அவரே முதல்ல ரிவெட்டை உடைச்சிருப்பாரே" என்றாள். அது உண்மை என்று எனக்கும் தெரியும். கார்ஷெட்டில் தாம் பொருத்திய ஒரு பாகத்தில் பிழை என்று ஐயம் வந்து, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் இரவு எட்டு மணிக்குத் திரும்பச் சைக்கிள் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். உண்மை தெரிந்திருந்தும் எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ரிவெட்டுகளை நானே துளையிட்டு எடுத்தேன். டிரில்லைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டை வீணாக்கினேன். பையன் அழுகிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். மேஸ்திரி அடிவிளிம்பில் துளைகளை அளந்து போட்டார். அப்பாவின் தகட்டைக் கழுவி, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பாடபேதத்தை அடிக்குறிப்பில் போட்டாயிற்று என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் கேலி செய்தார். செய்யட்டும்.

நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சுரண்டும்போது அடுக்கடுக்காக வந்தது: எங்கள் நீலம், அதன்கீழ் ஒரு வெண்மஞ்சள், அதற்கும் கீழ் வெளிர் சாம்பல். சாம்பல்தான் கம்பெனி நிறம் என்றார் மேஸ்திரி, கண்ணில் ஓர் ஆசையோடு. மயில்கழுத்து நிறமே அடித்தோம். கணினியில் நிறம் பொருத்தும் கடையில் அம்மாவின் பழைய புடவையைக் கொடுத்து எடுத்த நிறம். வண்டி வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது மயில்கழுத்து இல்லடா, ஆனந்தா ப்ளூ" என்றாள். புடவை நாற்பது வருடத்தில் வெளுத்திருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய? பின்பக்கத்தில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருக்கின்றன. பெயர்த்தகடு வெள்ளத்தில் போயிற்றோ அதற்கு முன்போ தெரியாது. அச்செடுத்துச் செய்துவிடலாம் என்று பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். இரண்டு புள்ளிகள், இருக்கட்டும்.

மொத்தச் செலவு இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. எவ்வளவு தாண்டியது என்பதை வீட்டில் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் இருப்பதால் சொல்லவில்லை.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவு செய்தால் அன்றாடம் ஓட்டக்கூடாது, கண்காட்சி, பேரணி என்று வெளியே எடுக்கலாம். எனக்கு அது ஒத்துவரவில்லை. சாதாரண வண்டியாகவே பதிவைப் புதுப்பித்தேன். அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாகியிருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி பானட்டைத் திறக்கச் சொன்னார். தோளால் இடித்துத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர் தாமே டயரின்மேல் உட்கார்ந்தார்.

2024 பொங்கல் விடுமுறையில் ஒரு காலை மேஸ்திரியை ஏற்றிக்கொண்டு வண்டலூர் வரை போனேன். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜி.எஸ்.டி. சாலை திணறிக்கொண்டிருந்தது. பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டிப் பெருங்களத்தூர் நெரிசலில் வெப்பமானி முள் ஏறத் தொடங்கியது. இரண்டு கால்சட்டைப் பையன்கள் அரசுப் பேருந்தின் ஜன்னலிலிருந்து கையாட்டினார்கள். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. வெயிலுக்கு மடித்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை இருந்த நிலத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். மென்பொருள் அலுவலகங்கள், அடுக்கு வீடுகள். வாயிலோரம் வண்டியை ஒதுக்கி என்ஜினை ஆறவிட்டேன். காவலாளி ஓடிவந்தார், இங்கே நிறுத்தக்கூடாது என்று சொல்லத்தான். வண்டியைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. வடக்கத்திப் பையன், தமிழ் நன்றாகவே பேசினான்.

"எந்த நாட்டு வண்டி சார்?"

மேஸ்திரி துண்டை எடுத்துவிட்டு வாயிலுக்கு உள்ளே கையைக் காட்டினார். பையன் திரும்பி, அலுவலகப் பேருந்துகள் வரிசையாக நின்ற இடத்தைப் பார்த்தான். புரியவில்லை. சிரித்துவைத்தான்.

"பெயின்ட் ஷாப் அந்தாண்ட" என்றார் மேஸ்திரி, என்னிடம்தானா அவனிடமா என்று தெரியவில்லை. பிறகு, "முள்ளு இறங்கிடுச்சு. எடுங்க வாத்தியாரே" என்றார்.

சாலையில் இடைவெளி கிடைத்தபோது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். ஒரே மூச்சில் திரும்பியது.